புள்ளி ஆறு

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் அவர் புறங்கையை வைக்கிறார். படகின் என்ஜின் அறைக்குள் இறங்கி, பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, "எங்க, ஒரு தடவ சாவியத் திருப்புங்க" என்று மேலே பார்த்துச் சொல்கிறார். யாரோ திருப்புகிறார்கள். என்ஜின், மூச்சிழுப்புக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல இரண்டு முறை முக்கிவிட்டு நின்றுபோகிறது. உடனே அவர் குனிந்து ஒவ்வொரு டெர்மினலாக, காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, இடது புறங்கையை வைத்துக்கொண்டே போகிறார். எது சுடுகிறதோ அந்த இணைப்பு சரியில்லை. எதுவுமே சுடவில்லையென்றால் உதட்டைப் பிதுக்கி, "சீக்கு உள்ள இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் தோள்பையிலிருந்து, பழைய காலுறைக்குள் சுற்றிவைத்த மீட்டர் வெளியே வரும்.

துறைமுகத்தில் அவருக்குப் பெயர் புள்ளி ஆறு. வைத்தது யார் என்று தெரியவில்லை. வைக்கக் காரணமாக இருந்தவர் அவரேதான். "பன்னெண்டு இருக்குண்ணே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று எந்தப் படகுக்காரர் வந்து நின்றாலும் அவர் நிமிராமல் கேட்பது ஒரே கேள்வி: "பன்னெண்டுக்குப் பின்னால என்ன?" ஓய்வில் இருக்கும் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு காட்ட வேண்டும். வெறும் பன்னிரண்டு என்றால் முக்கால்வாசி காலி. "பன்னெண்டு இருக்குன்னு சொல்றது, ஆஸ்பத்திரியில மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கிறவன, ஊர்லதான் இருக்கான்னு சொல்ற மாதிரி" என்பார்.

சார்ஜரிலிருந்து அப்போதுதான் கழற்றிய பேட்டரியைக் கொண்டுவந்தால் தொடக்கூட மாட்டார். "பந்தியிலேர்ந்து எந்திரிச்சு வர்றவன் வயித்தத் தடவிப் பாத்துப் பலசாலின்னு சொல்லலாமா? ரெண்டு மணி நேரம் தூங்கட்டும்." அந்த இரண்டு மணி நேரமும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருப்பார். படகுக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார், அவரைப் பார்ப்பார். அவர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறர் பொறுமை இழப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஓர் இன்பம் உண்டு. அதைக் கண்ணியமாக மறைக்கவும் தெரியும், முழுக்க அல்ல.

என்ன கோளாறு என்று அவர் யாரையும் கேட்பதில்லை. "அத நீங்க சொல்ல ஆரம்பிச்சா எனக்கு என்ன வேல?" அவர் கேட்பவை இரண்டு. கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் யாரு கை வெச்சா? இரண்டாவது கேள்வியில்தான் அவருடைய முப்பது வருஷத் தொழிலும் நிற்கிறது. பழுது தானாக வருவதில்லை, ஒரு கையோடு வருகிறது என்பது அவருடைய சித்தாந்தம். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பழுதைக் கண்டுபிடிப்பது கால் மணி நேர வேலை. பல சமயம் ஆளைக் கண்டுபிடித்த திருப்தியில் பழுதை மறுநாளைக்குத் தள்ளிவைத்ததும் உண்டு.

வாழ்க்கையைப் படகுகளுக்குள் கழித்த மனிதர் கடலுக்குள் போனதில்லை. கயிறு கட்டியிருக்கும்வரைதான் அவர் ராஜா, அவிழ்த்தால் குமட்டும். ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க ஒருமுறை வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். கலங்கரை விளக்கம் தாண்டுவதற்குள் வாளி கேட்டார். வாளிக்குள் தலையை விட்டபடியே, "பெல்ட்டு வழுக்குது, சத்தம் கேக்குதா" என்றார். பெல்ட்டு வழுக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு கடலைப் பற்றி அவருடைய கருத்து இறுகிவிட்டது. "தண்ணியும் கரண்டும் சண்டக்காரப் பங்காளிங்க. ரெண்டையும் ஒரே வீட்டுல குடி வெச்சது மனுஷன் பண்ண தப்பு. அந்தத் தப்புலதான் என் அடுப்பு எரியுது."

அவர் இடது கைக்காரர். எழுதுவது, குறடு பிடிப்பது, கடிதத்தைக் கிழிப்பது, கதவைச் சாத்துவது எல்லாம் இடது. சோறு மட்டும் வலது. சின்ன வயதில் அவருடைய அப்பா பீச்சாங்கையின் விரல் கணுக்களில் மர ஸ்கேலால் போட்டுப் போட்டுப் பழக்கிய ஒரே வேலை அது. ஐம்பத்தெட்டு வயதாகியும் வலது கைக்கு வேறெதுவும் தெரியாது. வேலை நேரத்தில் மடியில் சும்மா கிடக்கும். "இது வீட்டோட மாப்பிள்ளை மாதிரி" என்று அதைக் காட்டிச் சொல்வார். "சாப்பிட மட்டும் வரும்."

இந்த இடது கை அவருக்கு ஒரு தனி வித்தையைக் கொடுத்திருந்தது. இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கும்போது வலது கைக்காரர்களின் முறுக்கு வலப்பக்கமாக, கடிகார முள் போகும் திசையில் சுற்றும். இடது கைக்காரர் முறுக்கினால் எதிர்ப்பக்கம். இது சும்மா பார்க்கிறவர் கண்ணில் படாது. உலகம் தன் கைக்கு எதிராகவே திருகப்பட்டிருப்பதை ஐம்பது வருஷமாகப் பார்த்துவரும் ஒருவருக்குப் படும். அதிலிருந்து ஆரம்பித்து, முறுக்கின் இறுக்கம், டேப்பைக் கிழித்த விதம், எத்தனை சுற்று என்பதையெல்லாம் வைத்து, கையெழுத்து நிபுணர் கடிதத்தைப் படிப்பதுபோல அவர் ஒயரைப் படிப்பார். "சோத்துக்கை முறுக்கு. டேப்பப் பல்லால கடிச்சிருக்கான். முன்பல்லு ஒண்ணு இல்ல. ஐஸ் ஏத்துற போட்டோட என்ஜின்காரரா?" அவராகத்தான் இருக்கும். முதலாளிகள் கருகிய இணைப்புகளைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு அவரிடம் வருவார்கள். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது. "மனுஷன் பொய் சொல்லுவான். ஒயருக்கு அந்தப் படிப்பு இல்ல."

அவரோ ஒயரை முறுக்கமாட்டார். முனையைச் சீவி, செம்புக் குழல் செருகி, இடுக்கியால் நசுக்கி, மேலே ரப்பர் உறை மாட்டிச் சூடு காட்டிச் சுருக்குவார். "முறுக்குறது துணி பிழியிறவன் வேல."

படகுகள் வந்து அணையும் ஜெட்டிக்கு எதிரே அவருடைய கொட்டகை. ஒரு பழைய சரக்குப் பெட்டகத்தின் பாதி. உள்சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு தடித்த செம்புக் கம்பி. அதில் கொக்கி போட்டு, அவர் படகுகளிலிருந்து வெட்டியெடுத்த கேடுகெட்ட இணைப்புகள் நாற்பத்து மூன்று தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பழுப்பு அட்டை. 'உப்புத் தண்ணீரில் காயப் பிளாஸ்திரி. வைத்தியம்: மூன்றாம் ஜெட்டி என்ஜின்காரர்.' 'ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். சிந்தனை: மணல் படகின் முதலாளி.' ஓர் அட்டையில் ஆள் பெயர் இல்லை, 'தற்காலிகம். நாலு வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. அதுதான் அவருக்குப் பிடித்தது. "உலகத்துல ரொம்ப நாள் நிக்கிறது எது தெரியுமா? தற்காலிகம்" என்று வருகிறவர்களிடம் அதைத் தட்டிக் காட்டுவார்.

இந்தக் கம்பிக்குத் துறைமுகத்தில் தூக்குமரம் என்று பெயர். வேறொரு எலக்ட்ரீஷியன், நல்ல பேச்சுக்காரர், இளவயது, தன் பெயரோடு தொங்கிய அட்டையை ஒருநாள் பார்த்தார். அடுத்த மாதம் அவருக்கு வேலை கொடுக்க ஆளில்லை. அதற்கடுத்த மாதம் ஊரிலேயே இல்லை. புள்ளி ஆறு வருத்தப்பட்டாரா என்று கேட்டால், அந்த அட்டையில் தூசி படிந்தால் துடைக்கிறார் என்றுதான் சொல்ல முடியும்.

வீட்டில் டிவி ரிமோட்டின் பேட்டரிகளில் மாற்றிய தேதி எழுதி ஒட்டியிருக்கிறது. "ரிமோட்டுக்குப் பொறந்தநாள் தெரியுது, எனக்குத் தெரியல" என்பது அவருடைய மனைவியின் பழைய குறை. புதிய குறை ஏழு வருஷமாக ஒன்றுதான்: அண்ணன்.

அண்ணன் என்பது மனைவியின் அண்ணன். புள்ளி ஆறுக்கு மச்சான். கரைக்கும் எதிரே தெரியும் தீவுக்கும் ஆள் ஏற்றும் படகு வைத்திருக்கிறார். பழைய படகு ஒன்றை வாங்கிப் புதுப்பித்தபோது அதன் ஒயரிங் முழுக்கப் புள்ளி ஆறுதான் செய்தார். பத்தொன்பது நாள். சொந்தம் என்பதற்காக இரண்டு மடங்கு சிரத்தை. வெள்ளோட்டத்தன்று மதியம் பெரிய மனிதர்களுக்கு விருந்து. அவர்களில் ஒருவர், எண்ணெய்க் கறையோடு பந்தியில் உட்கார்ந்திருந்த புள்ளி ஆறைக் காட்டி, இவர் யார் என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தைத்தான் புள்ளி ஆறு இன்றுவரை மன்னிக்கவில்லை. "இவரா? ஒயர் வேலைக்கு வந்தவரு" என்றார் மச்சான்.

புள்ளி ஆறு ஒழுங்காகச் சோற்றை முடித்தார். கை கழுவினார். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒயர் வேல முடிஞ்சுது. இனி இந்தப் போட்டுல என் கால் படாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மச்சானும் லேசுப்பட்டவரல்ல, "படலேன்னா போட்டு முழுகிடாது" என்றார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கால் படவில்லை, படகும் முழுகவில்லை. குடும்ப விசேஷங்களில் இரண்டு பேரும் எதிரெதிர் மூலைகளில் நின்று, "அவர்ட்ட சொல்லு", "இவர்ட்ட கேளு" என்று ஒரே பெண்ணின் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் படகு ஜெட்டிக்கு வரும்போதெல்லாம் புள்ளி ஆறு முதுகைக் காட்டி உட்கார்வார். ஆனால் யாராவது அதன் ஒயரிங்கைப் பாராட்டினால் காது இந்தப் பக்கம் திரும்பும். "அதுல ஒரு முறுக்கு கெடையாது. ஒரு முறுக்கு" என்று விரலைக் காட்டுவார்.

போன மாதம் அந்தப் படகு காலையில் கிளம்ப மறுத்தது. பேட்டரி காலி. சார்ஜ் ஏற்றினார்கள், ஓடியது, மறுநாள் காலையில் மறுபடி காலி. புது பேட்டரி வாங்கினார்கள். அதுவும் மூன்றாம் நாள் படுத்தது. ஜெட்டியில் எழுபது பேர் டிக்கெட்டோடு நிற்க, இன்னொரு படகின் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்து உயிர் கொடுத்துக் கிளம்பும் நிலை. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. மச்சானுக்கோ ஆள் கிடைத்துவிட்டார்.

கயிற்றுக்காரர். படகு ஜெட்டியை நெருங்கும்போது கயிற்றை வீசிக் கட்டுகிறவர். பதினோரு வருஷமாக அந்தப் படகில் இருக்கிறார். படகின் அடிப்பள்ளத்தில் ஊறித் தேங்கும் தண்ணீரைத் தானாக இறைத்து வெளியே தள்ளும் பம்ப்பு ஒன்று உண்டு. அது போன மாதம் எரிந்துபோனது. ஆள் வரும்வரை காத்திருக்காமல் கயிற்றுக்காரரே புதுசு வாங்கி மாட்டினார். சரியாக அந்த வாரம்தான் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. "உன்ன யாருய்யா ஒயர்ல கை வெக்கச் சொன்னது?" என்று மச்சான் ஜெட்டியில் எல்லார் முன்னாலும் கேட்டு, அன்றே அனுப்பிவிட்டார். ஒயரில் கைவைத்துப் படகை எரிக்கப் பார்த்த ஆள் என்று பேச்சு பரவியது. வேறு படகில் சேர்க்கவில்லை.

கயிற்றுக்காரர் நேராகக் கொட்டகைக்கு வந்தார். தூக்குமரத்தின் கீழே நின்றுகொண்டு பேசினார்.

"அண்ணே, நான் முறுக்கலண்ணே. இந்த அட்டையெல்லாம் படிச்சவன் முறுக்குவனா? நீங்க பண்ற மாதிரியே குழல் வெச்சு நசுக்கி, ரப்பர் மாட்டித்தான் போட்டேன். சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த பாத்துச் சொன்னீங்கன்னா..."

"நான் அந்தப் போட்டுல ஏறமாட்டேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. பாவம், போட்டு என்ன பண்ணுச்சு?"

புள்ளி ஆறுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருய்யா நீ, எங்க வீட்டுக்காரி மாதிரியே பேசுற" என்றார். பிறகு, நெடுநேரம் மீட்டரைக் காலுறைக்குள் வைத்துச் சுற்றிவிட்டு, தீர்ப்பைப்போல ஒன்று சொன்னார்: "சரி. ஒயரு சொல்லட்டும். நீ பண்ணலேன்னா அது உன் பேரச் சொல்லாது. அது என் பொறுப்பு."

அதே நாள் மாலை மனைவியின் போனில் மச்சானும் இறங்கிவந்தார். "அவரு வருவாரான்னு கேளு."

மனைவி கேட்டார். "ஏங்க, வருவீங்களான்னு கேக்குறாரு."

"யாரு கேக்குறான்னு கேளு. அண்ணனா, போட்டு முதலாளியா?"

போனின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட குரல் மனைவியை விட்டுவிட்டு நேராகவே வந்தது. "மச்சான்தான் கேக்குறேன். வாங்க."

ஏழு வருஷத்துக்கு அந்த ஒரு சொல் போதுமா என்று புள்ளி ஆறு யோசித்திருக்கலாம். ஆனால் அதற்குள் கை, பையைத் தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலைப் பயணங்கள் முடிந்து, படகு ஓய்வாக நின்ற நண்பகலில் போனார். கயிற்றுக்காரர் முன்பே வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஜெட்டியில் கயிறு கட்டும் இரும்புக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். படகில் ஏற அவருக்கு அனுமதியில்லை. புள்ளி ஆறு அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பலகையில் கால் வைத்து ஏறினார்.

"வாங்க மாப்ள. ஏழு வருஷத்துல போட்டு கொஞ்சம் மாறிப்போச்சு" என்றார் மச்சான். வயிறும்தான் மாறியிருந்தது.

"பேட்டரி எங்க?"

"நீங்க வெச்ச எடத்துலதான்."

"அப்ப போட்டு மாறல."

புறங்கை வைத்தார். எதுவும் சுடவில்லை. என்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பதினான்கு புள்ளி இரண்டு. ஆக, சார்ஜ் ஒழுங்காகத்தான் ஏறுகிறது. ஏறுவது எங்கோ இறங்குகிறது. என்ஜினை நிறுத்தினார். மெயின் சுவிட்சை அணைத்தார். பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தார். எல்லாம் அணைத்த படகில் ஊசிமுனை அளவுகூடக் கரண்ட் ஓடக்கூடாது. மீட்டர் மூன்று ஆம்பியர் காட்டியது.

"பாருங்க மச்சான். எல்லாரும் தூங்கிட்டாங்க, எவனோ ஒருத்தன் மட்டும் சமையல்கட்டுல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கான்."

மெயின் சுவிட்சுக்குக் கட்டுப்படாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் ஒயர் அந்தப் படகில் ஒன்றே ஒன்று. தண்ணீர் இறைக்கும் பம்ப்பு. ஆளில்லாத நேரத்திலும் அது வேலை செய்ய வேண்டும் என்பதால் அப்படி. அதைக் கழற்றினார். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

"பம்ப்பு ஒயருதான்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல!" மச்சான் தொடையைத் தட்டினார். "அந்தாளு கை வெச்ச எடம். கீழ எறங்கிப் பாருங்க மாப்ள, நான் எறங்குனா வயிறு மாட்டிக்கும். எடுத்து மேல கொண்டாங்க. எவன் கைன்னு உங்க வாயால சொல்லுங்க, அவன் முன்னாலயே. அவன் இல்லேன்னா, சத்தியமா, இன்னைக்கே கயித்தக் கையில குடுத்துடுறேன். அவன்தான்னா, இல்ல வேற எவனா இருந்தாலும் சரி, ஜெட்டி பூரா சொல்லுவேன். எழுபது பேரு முன்னால என்ன நிக்க வெச்சவன் எவனோ அவன் மூஞ்சிய இந்த ஊரு பாக்கணும்."

"கோவம் எதுக்கு? ஒயரு சொல்லும்" என்றார் புள்ளி ஆறு. அந்த நேரத்தில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

டார்ச்சோடு தரைப்பலகையின் சதுர ஓட்டைக்குள் இறங்கி, என்ஜினுக்கு அடியில் குப்புறப் படுத்து ஊர்ந்தார். டீசலும் உப்பும் கலந்த வாடை. பம்ப்பு புதுசாகப் பளபளத்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, கயிற்றுக்காரர் போட்ட இணைப்பு. குழல், நசுக்கல், சுருங்கிய ரப்பர் உறை. காய்ந்து, சுத்தமாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. இவ்வளவு நன்றாகப் போட்டவரா என்று அவருக்கே வியப்பு. அங்கிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். ஒயரைத் தூக்கிப் பிடித்திருந்த கிளிப்பு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. ஒயர் தொங்கி, அடிப்பள்ளத்தின் கறுத்த தண்ணீரில் முழுகியிருந்தது. வெளியே இழுத்தார். டேப்பு பிசின் விட்டுப்போய் வாழைத்தோல்போலக் கழன்று வந்தது. உள்ளே, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, இரண்டு முறுக்குகள். சிவப்பு ஒயரின் செம்பு பாதி கரைந்து பச்சைக் களிம்பாக இருந்தது. கரண்ட் அதன் வழியாகத்தான் இரவெல்லாம் தண்ணீருக்குள் கசிந்திருக்கிறது. கறுப்பு முழுசாக இருந்தது. அவர் பழக்கத்தில் டார்ச்சை நெருக்கிப் பிடித்துப் படித்தார்.

முறுக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது.

இந்தத் துறைமுகத்தில் ஒயர் வேலை செய்த இடது கைக்காரர் ஒருவர்தான். படித்த பிறகும் அவர் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறொரு பெயர் வந்துவிடாதா என்பதுபோல.

ஏழு வருஷத்துக்கு முந்தைய வெள்ளோட்ட நாள் காலை. பம்ப்பு ஒயர் ஒரு முழம் எட்டவில்லை. குழலும் ரப்பர் உறையும் தீர்ந்துவிட்டன. மேலே கார்கள் வந்து நின்றன. "மாப்ள, வந்துட்டாங்க, சீக்கிரம், சீக்கிரம்" என்று மச்சான் இதே ஓட்டையில் தலையை நீட்டினார். சரி, இன்றைக்கு மட்டும். இரண்டு ஒயரையும் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றி, நாளைக் காலையில் வந்து ஒழுங்காகப் போட்டுவிடலாம் என்று ஏறிவந்தார். மதியம் விருந்து. மச்சான் ஒரு கணம் யோசித்தார். நாளைக் காலை வரவில்லை.

முதல் வாரம் அவருக்கு நினைவிருந்தது. கால் படாது என்று சொல்லிவிட்டு எப்படி ஏறுவது? பத்து நிமிஷ வேலை. ஆள் அனுப்பியிருக்கலாம், அனுப்பினால், அங்கே ஒரு முறுக்கு இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்துவிடும். மச்சானே வந்து அழைக்கட்டும், அப்போது போய்ச் செய்துகொள்வோம் என்றிருந்தார். அவர் அழைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல, அந்தப் படகில் ஒரு முறுக்கு கிடையாது என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல, நினைவிலும் கிடையாது.

இந்த ஒயரில் இணைப்புப் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் இடது கை, ஒருவர் வலது கை. இரண்டாமவர் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள! கெடச்சுதா?"

"தேடிட்டு இருக்கேன்" என்றார். முப்பது வருஷத்தில் ஒரு படகின் அடியில் படுத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் பொய். எளிதாகத்தான் வந்தது.

மேலே மச்சான் ஜெட்டிப் பக்கம் திரும்பிக் கத்துவது பலகை வழியாகக் கேட்டது. "ஏய், இங்க கிட்ட வந்து நில்லுய்யா. உங்க அண்ணன் இப்ப சொல்லிடுவாரு."

"நிக்கிறேங்க. அண்ணன் சொன்னாச் சரிதான்" என்று கயிற்றுக்காரரின் குரல் வந்தது. அதில் பயமே இல்லை. அதுதான் கேட்கப் பொறுக்கவில்லை.

புள்ளி ஆறு இடுப்பிலிருந்து குறட்டை எடுத்தார். முறுக்குக்கு இரண்டு பக்கமும் விரற்கடை விட்டு வெட்டினார். சிவப்பைப் பள்ளத்துத் தண்ணீரில் போட்டார். அது பார்க்கவும் ஆகாது, படிக்கவும் ஆகாது. கறுப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். கொட்டகையின் சுவரில் நாற்பத்து நாலாவது கொக்கிக்கு இடம் இருந்தது. ஓட்டையின் விளிம்பில் மச்சானின் செருப்புகள் தெரிந்தன. ஒரு செருப்பு தட்டிக்கொண்டே இருந்தது.

டார்ச்சைப் பல்லால் கவ்வினார். பழகிய இடது கை முறுக்கைப் பிரித்தது, ஒவ்வொரு இழையாக, முறியாமல், தான் கட்டியதைத் தானே அவிழ்க்கிற லாவகத்தோடு.

"மாப்ள! சத்தத்தையே காணோம்?"

வாய் நிறைய டார்ச் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. பிரிந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து இடது கையில் அசையாமல் பிடித்துக்கொண்டார். பிறகு, சோறு பிசைவதைத் தவிர எதுவும் தெரியாத அந்த வலது கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவற்றின் மேல் வைத்து, முதல் எழுத்துப் பழகும் பிள்ளையைப்போலத் தட்டுத்தடுமாறி, வலப்பக்கமாக முறுக்கத் தொடங்கினார்.